அருளப்பனின் காற்றுச்சட்டை

கர்ணன் தோப்புக் கிணற்றில் அருளப்பன் குப்புற மிதந்த செய்தி, அவர் வீடு வந்து சேர்வதற்கு முன்பே வந்துவிட்டது. வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே ஒன்றும் நடக்காதவர் போல அவர் உள்ளே நுழைந்தார். மனைவி ஆரோக்கியம்மாள் அடுப்படியில் திரும்பாமல் நின்றாள். கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கொழுந்தியாள் மெர்லின்தான் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“வாங்க மச்சான். அம்புட்டு நேரம் குப்புறப் படுத்து கெணத்துக்குள்ள என்னத்தத் தேடுனீக?”

“மூச்சு ஆத்திக்கிட்டு இருந்தேன்.”

“மூஞ்சிய தண்ணிக்குள்ள வச்சா?”

அருளப்பன் துண்டைக் கொடியில் போட்டார். பசிக்கிறது என்றார். ஆரோக்கியம்மாள் தட்டை வைத்தாள். வைத்த சத்தத்திலேயே அவள் சொல்ல வேண்டியதெல்லாம் இருந்தது.

அருளப்பனுக்கு நாற்பத்திரண்டு வயது. வாய்க்கால் ஓரத்தில் கொஞ்சம் வாழை உண்டு. ஆனால் சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் வரைக்கும் அவர் பேர் விளங்கியது வாழையால் அல்ல, கிணற்றால். மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு கழன்று விழுந்தாலும் சரி, கயிறு அறுந்து மோட்டாரே உள்ளே போனாலும் சரி, “அருளப்பனுக்கு ஆள் அனுப்பு” என்பார்கள். சிலிண்டர் கிடையாது, குழாய் கிடையாது. ஒரு டவுசர், ஒரு மூச்சு. அவ்வளவுதான். மூன்று நிமிடம் தம் பிடிப்பார் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. அவராக அப்படிச் சொன்னதில்லை. சொன்னவர்களைத் திருத்தியதும் இல்லை. மெர்லின் ஒருமுறை தன் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி வந்தது. “உன் கடியாரம் மெதுவா ஓடுது” என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நடந்தது இதுதான். நாற்பதடி ஆழத்தில் புட்வால்வு கிடந்தது. வழக்கம்போல இருபத்தைந்து தடவை மூச்சை இழுத்து ஊதி ஏற்றிக்கொண்டு முங்கினார். எடுத்தார். மேலே வரும்போது நெஞ்சு முட்டவில்லை, காது அடைக்கவில்லை. தலைக்கு மேல் வெளிச்சம் தெரிந்தது. இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாமா என்று நினைக்கும் அளவுக்குத் தெம்பாகவே இருந்தது. அடுத்து அவர் பார்த்தது, தன் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டில் நின்ற கர்ணனின் முகத்தை.

நடுவில் ஒன்றுமே இல்லை. இருட்டுக்கூட இல்லை. நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனதுபோல இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. படுக்கும்போது மட்டும் அந்த ஒன்றுமில்லாததை நினைத்துப் பார்த்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்துக்கொள்வார்.

ஆனால் மெர்லினிடம் எதையும் ரொம்ப நாள் மறைக்க முடியாது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். பொய்யை முகத்திலேயே திருத்திவிடுவாள். கடைசியில் மூச்சு முட்டியதா என்று கேட்டாள். முட்டவே இல்லை, அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார் அருளப்பன் பெருமையோடு. மெர்லினின் முகத்திலிருந்து ஒரு நொடி சிரிப்பு போய்விட்டுத் திரும்பி வந்தது.

“மூச்சு முட்டுறதுங்கறது மணி மாதிரி மச்சான். உள்ள கெட்ட காத்து சேந்தாத்தான் அது அடிக்கும். நீங்க இருபத்தஞ்சு தடவ ஊதி ஊதி கெட்ட காத்தையெல்லாம் மொதல்லயே வெளியேத்திடுறீக. மணியடிக்கிற ஆளுக்கு லீவு குடுத்துட்டு, இன்னும் மணி அடிக்கலையே, பள்ளிக்கூடம் நடக்குதுன்னு உக்காந்திருக்கீக. உள்ள நல்ல காத்து தீந்து போனது ஒங்களுக்கே தெரியாது.”

பதினெட்டு வருசமாக இப்படித்தான் முங்குகிறேன் என்றார் அருளப்பன். பதினெட்டு வருசமாகத் தப்பித்து வருகிறீர்கள் என்றாள் மெர்லின்.

அந்தச் சனிக்கிழமை அவள் தேனிக்குப் போய் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நாலு தாள் அச்செடுத்து வந்தாள். வெளிநாட்டில் ஒரே மூச்சில் கடலுக்குள் போய் வருவதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்களாம். அவர்களிலும் தேர்ந்தவர்கள் இப்படி மயங்குவார்களாம். அதுவும் அடியில் அல்ல, மேலே வந்து சேரும் கடைசிப் பத்தடியில். அதனால் தனியாக ஒருவரும் இறங்க மாட்டார்களாம். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஆள் மேலே வராவிட்டால் தானாகவே காற்று நிரம்பித் தூக்கிவிடும் சட்டை ஒன்றைக்கூடச் செய்து பார்க்கிறார்களாம்.

அருளப்பன் பொறுமையாகக் கேட்டார். அவருக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான்.

“அவுகளுக்கு உள்ள என்ன விழுந்திருச்சு?”

“ஒண்ணும் விழல.”

“பெறகு எதுக்கு எறங்குறாக?”

மெர்லின் இரண்டு காரியம் கேட்டாள். ஒன்று, இடுப்புக்கு மேல் ஒரு கயிறு, அதன் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள். இரண்டு, அந்தச் சட்டை. கயிற்றை அருளப்பன் ஒரே சொல்லில் தள்ளினார்: கயிறு கட்டி இறக்குவது வாளியைத்தான். ஆளுக்கும் வழியில்லை. ஆரோக்கியம்மாளைக் கேட்டால் கிணற்றுப் பக்கமே திரும்ப மாட்டாள். கல்யாணமான இந்தப் பதினேழு வருசமும் புருசன் ஏதோ தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டு வருவது போலவே நினைத்துக் காலத்தை ஓட்டியவள். சட்டைக்கு மட்டும் சரி என்றார். அதை இவள் எங்கே செய்யப் போகிறாள் என்ற தைரியம்தான்.

அவள் செய்தாள். சைக்கிள் டியூப்புகளை வெட்டி ஒட்டி, காக்கித் துணிக்குள் வைத்துத் தையற்காரரிடம் தைத்து வாங்கினாள். காற்றுக்கு மேகமலையிலிருந்து வழி பிறந்தது. அவளிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா அங்கே எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர். பங்களாவில் வெள்ளைக்காரன் காலத்துச் சோடா ஜாடி ஒன்று இருந்தது. அதில் போடும் கட்டைவிரல் தண்டி இரும்புக் குப்பிகள் ஒரு பெட்டி நிறையச் சும்மா கிடந்தன. குப்பியின் மூக்கை ஊசியால் குத்தினால் போதும், உள்ளே அடைத்த காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். சின்னமனூர் லேத்துப் பட்டறையில் ஊசிக்கு ஒரு ஸ்பிரிங் வைத்து, சின்னத் தகர டப்பாவுக்குள் பூட்டிக் கொடுத்தார்கள். ஸ்பிரிங் பாயாமல் இரண்டு நிமிடம் எது பிடித்து வைப்பது என்பதுதான் கேள்வி.

மிட்டாய் என்றாள் மெர்லின். தண்ணீரில் கரையும் மிட்டாய். கரைந்து முடிந்ததும் ஸ்பிரிங் விடுபடும், ஊசி குத்தும், சட்டை ஊதும்.

பெட்டிக்கடையில் இருந்த மிட்டாயையெல்லாம் வகைக்கு ரெண்டாக வாங்கி, வாளியில் கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தாள். தேன்மிட்டாய் அரை நிமிடத்தில் கூழாகிவிட்டது. கமர்கட்டு இருபது நிமிடம் கழித்தும் போட்டது போலவே கிடந்தது. “இத வச்சா மறுநாத்தான் மச்சான் மேல வருவீக” என்று அதை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். ஆரஞ்சு மிட்டாய் ஐந்து நிமிடம். அதை உரைகல்லில் தேய்த்து மெலிசாக்கி, மறுபடி போட்டு, மறுபடி தேய்த்து, சாயங்கால மணி அடிக்கும்போது ஒன்றே முக்கால் நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். அருளப்பன் சைக்கிளைத் துடைப்பது போல அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டை அவருக்குப் பொருந்தியது. ஆனால் கிணற்றடியில் நாலு பேர் முன்னால் அதை எடுத்து மாட்டுவதை நினைத்தாலே அவருக்குக் கூசியது. முதல் நாள் வீட்டிலேயே மாட்டி, மேலே தன் சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு பஸ் ஏறினார். சித்திரை மாத வெயில். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வியர்வைக்கும் மிட்டாயைக் கரைக்கத் தெரியும் என்பதை அவர்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை. மார்க்கையன்கோட்டை விலக்கு தாண்டியதும் அவருடைய விலாவில் உஸ்ஸென்று ஒரு சத்தம். பாம்பு என்று ஒருவர் காலைத் தூக்கினார். அதற்குள் அருளப்பன் ஊதத் தொடங்கியிருந்தார். மூன்று பட்டன்கள் தெறித்தன. பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏறுறப்ப ஒரு ஆளாத்தான ஏறுனீக?” என்று கேட்டார்.

அந்தப் பேச்சு அவரோடு சேர்ந்தே பஸ்ஸை விட்டு இறங்கியது. காற்றுச்சட்டை என்ற பேர் அன்றைக்கு விழுந்ததுதான். பூசை முடிந்து கோயிலை விட்டு வந்த பெண்கள் ஆரோக்கியம்மாளிடம், வீட்டுக்காரருக்கு எத்தனையாவது மாசம் என்று விசாரித்தார்கள். மெர்லின் மட்டும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தகர டப்பாவுக்கு, முங்கும்போது கழற்றிக்கொள்ளும்படி ஒரு மெழுகுத்துணி உறை போட்டுக் கொடுத்து, “வேர்வைக்கும் ஒரு பாடம் நடத்தணும்னு எனக்குத் தோணல மச்சான்” என்றாள்.

இனி இதைத் தொட மாட்டேன் என்று அருளப்பன் இருந்தார். ஆரோக்கியம்மாள் ஒரே ஒருமுறை, “போட்டுட்டுப் போங்க” என்றாள். அவள் கேட்டு மறுக்க அவருக்குப் பழக்கமில்லை. சட்டையோடு இரண்டு கிணற்றில் இறங்கினார். இரண்டிலும் கை வால்வைத் தொடும் நேரத்தில் சட்டை ஊதி அவரைத் தக்கை போல மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. வெறுங்கையோடு கிணற்று நடுவில் மிதந்த அவரைப் பார்த்துத் தேங்காய் வெட்ட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை அருளப்பன் பதினெட்டு வருசத்தில் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தார். யாரும் பார்க்காதபோது தகர டப்பாவைத் திறந்து, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, அது இருந்த இடத்தில் பழைய வாசரிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டை வைத்து மூடினார். சட்டையும் போட்டது போல ஆயிற்று, வேலையும் கெடாது என்று திருப்தியாக இருந்தது. ரப்பர் எந்தத் தண்ணீரிலும் கரையாது.

ஆடியில் கர்ணனின் கிணற்றில் மோட்டாரே விழுந்துவிட்டது. சாரல் மழையில் தண்ணீர் ஏறி, இப்போது ஐம்பதடி ஆழம். அடியில் போய்க் கொக்கியை மாட்டிவிட்டால் மேலிருந்து செயினில் இழுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு மெர்லின் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அருளப்பன் சைக்கிளை எடுக்கும்போது ஆரோக்கியம்மாள் தோளில் ஒரு சுருள் கயிற்றோடு வந்து பின்னால் உட்கார்ந்தாள்.

“நானும் வாறேன்.”

தெருவில் நின்று மனைவியோடு வாதாடுவதைவிட ஏற்றிக்கொண்டு போவது மேல் என்று அவருக்குப் பட்டது. கிணற்றடியில் அவள் காற்றுச்சட்டைக்கு மேலே அவருடைய அக்குளைச் சுற்றிக் கயிற்றைக் கொடுத்து, கன்றுக்குட்டிக்குப் போடும் முடிச்சைப் போட்டாள். கர்ணன் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்.

“பத்து அருள்நிறை மரியே சொல்லுவேன்” என்றாள் அவள். “அதுக்குள்ள வரலைன்னா இழுத்துருவேன்.”

இவளுடைய செபத்துக்குக் கட்டுப்பட்டு மோட்டார் மேலே வருமா என்று நினைத்துக்கொண்டே அருளப்பன் இருபத்தைந்து மூச்சை ஏற்றினார். முங்கினார். அடியில் சேறு, மோட்டார் பாதி புதைந்திருந்தது. கொக்கி இரண்டு தடவை நழுவி மூன்றாவது தடவை விழுந்தது. இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தலைக்கு மேல் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. நெஞ்சு முட்டவில்லை. தெம்பாகவே இருந்தது.

யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“அருளப்பா. மூச்சு விடு. அருளப்பா.”

அம்மாதான் கூப்பிடுகிறாள் என்று முதலில் நினைத்தார். பிறகு பங்குச் சாமியார் என்று நினைத்தார். கன்னத்தில் யாரோ ஊதினார்கள். அவர் ஒரு மூச்சு இழுத்தார். அது உள்ளே போன சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டது. கண்ணைத் திறந்தால் ஆரோக்கியம்மாளின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. கிணற்றின் கடைசிப் படியில், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து அவருடைய தலையை மடியில் வைத்திருந்தாள்.

நடந்ததைப் பிறகு கர்ணன்தான் சொன்னார். அருளப்பன் மேலே வர வர ஆரோக்கியம்மாள் கயிற்றின் தொய்வை எடுத்துக்கொண்டே இருந்தாளாம். ஏழாவது மரியேயில் தொய்வு வருவது நின்றுவிட்டது. பத்து வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு, “இழுங்கண்ணே” என்றாளாம். கர்ணன் பிடிப்பதற்குள் பாதிக் கயிற்றை அவளே இழுத்துவிட்டாள். பிறகு, பதினேழு வருசமாக எட்டிக்கூடப் பார்க்காத கிணற்றின் படிகளில் ஓடி இறங்கினாள். முகத்தை மேலே நிமிர்த்திப் பிடித்து, ஊதி, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று மெர்லின் அக்காளுக்கு என்றைக்கோ சொல்லி வைத்திருந்தாளாம். மற்றதெல்லாம் நினைவிருந்ததா என்று தெரியாது, பேர் நினைவிருந்தது.

அருளப்பனுக்குப் பேச்சு வந்ததும் கேட்டது ஒன்றுதான்.

“எம்பேரயா சொன்ன?”

“ஆமா” என்றாள் ஆரோக்கியம்மாள். அவருடைய அக்குளில் இருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் மெர்லின் வந்தாள். அக்காள் சொன்னதை நின்றபடியே கேட்டாள். கொடியில் சொட்டிக்கொண்டிருந்த காற்றுச்சட்டையை எடுத்து, ஏன் ஊதவில்லை என்று தகர டப்பாவைத் திறந்தாள். ரப்பர்த் துண்டை விரலால் நிமிண்டி எடுத்து, கட்டிலில் படுத்திருந்த அருளப்பனின் உள்ளங்கையில் வைத்தாள். போய் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதோடு கேலி நின்றது. “சாப்பிட வாங்க மச்சான்” என்பாள். “தண்ணி வேணுமா மச்சான்” என்பாள். பங்குச் சாமியாரிடம் பேசுவது போல அத்தனை மரியாதை. முதல் இரண்டு நாள் நிம்மதி என்றுதான் அருளப்பன் நினைத்தார். நாலாம் நாள் சோறு இறங்கவில்லை. ஆறாம் நாள், வேண்டுமென்றே அவளுக்குக் கேட்கும்படி, ஒரு தடவை நான் மூணே கால் நிமிசம் தம் பிடிச்சிருக்கேன் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் அளந்துவிட்டார். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆமாங்க மச்சான்” என்றாள். அப்படி ஒரு அடியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார். பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பு வாசலில் வந்து நின்ற அவளிடம், என்ன சொல்ல வந்தோம் என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

“ஏதாச்சும் பேசு ஆத்தா. வையவாச்சும் செய்.”

மெர்லின் கையிலிருந்த சாக்பீஸை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள்.

“சிரிச்சுக்கிட்டே சொன்னதால வெளையாட்டுன்னு நெனச்சுட்டீக. பயந்தா எனக்கு அழுக வராது மச்சான். கேலிதான் வரும். அன்னைக்கு நீங்க குப்புற மெதந்தீகன்னு கேட்டதுலருந்து நான் பண்ணுன கேலி பூராவும் அதுதான்.”

அருளப்பன் தன் செருப்பைப் பார்த்தார். “எனக்கும் அன்னைக்கே பயமாத்தான் இருந்துச்சு” என்றார். வேறு யாரிடமும் சொல்லாததை எட்டாம் வகுப்பு வாசலில் சொன்னது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. “வெளிய சொன்னா கெணத்துக்காரன் எவன் கூப்புடுவான்?”

முங்குவதற்கு முன்னால் எத்தனை மூச்சு ஏற்றுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். இருபத்தைந்து என்றார். இனிமேல் மூன்று என்றாள். பத்து என்றார். மூன்று என்றாள். ஐந்தையாவது கொடு என்று தேனிச் சந்தையில் வெண்டைக்காய் பேசுவது போலக் கேட்டுப் பார்த்தார். அவள் மசியவில்லை. ஒரு முங்குக்கும் அடுத்த முங்குக்கும் நடுவில் பத்து நிமிடம் உட்கார வேண்டும், கயிறும் ஆளும் இல்லாமல் வாய்க்காலில்கூட முங்கக் கூடாது என்று மேலும் இரண்டைச் சேர்த்தாள்.

“மூணு மூச்ச வச்சு நான் எங்க முங்கி எங்க எந்திரிக்கிறது?”

“முடியலைன்னா மோட்டாரு அங்கனயே கெடக்கட்டும். அதுக்கென்ன, மூச்சா முட்டப் போகுது?” என்றாள். பிறகு, “சரி, கெளம்புங்க. பட்டன மாத்திப் போட்டுட்டு வந்திருக்கீக. எட்டாங்கிளாசு பூராவும் பாக்குது” என்றாள்.

அருளப்பன் சட்டையைக் குனிந்து பார்த்தார். ஒரு பட்டன் மேலேறித்தான் இருந்தது. அதைச் சரி செய்யாமலே, சிரித்துக்கொண்டே சைக்கிளில் வீட்டுக்கு வந்தார்.

மூன்று மூச்சில் அவருக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்க முடிந்தது. அதற்கு மேல் நெஞ்சு முட்டியது, முட்டினால் வந்துவிடுவார். ஐம்பதடிக் கிணறுகளுக்கு இப்போது கையை விரித்து, தண்ணீரை இறைத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்கிறார். சிலர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். சிலர் இறைத்தார்கள். சட்டையை இரண்டு குப்பி வைக்கும்படி மெர்லின் மாற்றிக் கொடுத்தாள். டப்பாவுக்கு ஒரு பூட்டும் போட்டு, சாவியை அவளே வைத்துக்கொண்டாள்.

கயிறு ஆரோக்கியம்மாளிடம். அவள் வந்தால்தான் அருளப்பன் இறங்குவார் என்பது ஊருக்குத் தெரிந்துபோனதால், கிணற்றுக்காரர்கள் அவளிடம்தான் வந்து நாள் கேட்கிறார்கள். அடுத்த ஐப்பசியில் அக்கம்மாள் என்ற பெரியவளின் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் அருளப்பனின் கை வால்வின் மேல் பட்டதும் கயிறு அவரை மேலே கொண்டுவந்துவிட்டது. கரை சேர்ந்ததும் எத்தனையாவது மரியே என்று கேட்டார். பத்தும் முடிந்துவிட்டது என்றாள் ஆரோக்கியம்மாள். வெங்காய ஏலக்காரன்கூட அவ்வளவு வேகமாகச் சொல்ல மாட்டான் என்றார் அருளப்பன்.

“பயத்துல வாய் ஓடிருது. என்ன செய்யச் சொல்றீக?”

அக்கம்மாள் காப்பி கொண்டுவந்தாள். முதல் தம்ளரைக் கயிறு பிடித்தவளிடம் கொடுத்தாள். அருளப்பன் படிக்கட்டில் ஈரத்தோடு உட்கார்ந்து, தன் பத்து நிமிடம் முடியவும் தன் தம்ளர் வரவும் காத்திருந்தார். அடுத்த தடவையாவது நிறுத்தி நிதானமாகச் சொல்லு என்று கேட்டுக்கொண்டார். காப்பியை ஊதிக்கொண்டே, பார்க்கலாம் என்றாள் ஆரோக்கியம்மாள்.